விடுமுறையில் படிப்பதும் படிப்புதான்: பொருநைக் கரை தரும் சான்றுகள்

கோடை விடுமுறை நெருங்கும்போது திருநெல்வேலிச் சீமை வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. பிள்ளைகள் ஒன்றரை மாதம் சும்மா இருக்கப் போகிறார்கள், அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே தொடங்கிவிட வேண்டும் என்பது ஒன்று. வருஷம் முழுக்கப் படித்துக் களைத்த பிள்ளைக்கு இந்த நாட்களிலாவது புத்தகத்திடமிருந்து விடுதலை வேண்டும் என்பது மற்றொன்று. கேட்பதற்கு எதிரும் புதிருமாக இருந்தாலும் இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. புத்தகம் வேலையைச் சேர்ந்தது, ஓய்வு அதற்கு வெளியே இருக்கிறது என்ற எண்ணம் அது. பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. விடுப்பில் நாவல் படிக்கிறவரைப் பொழுதுபோகாதவர் என்றும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவரை உருப்படுகிறவர் என்றும் எளிதில் பிரித்துவிடுகிறோம். இந்தப் பிரிவினை தவறானது. தானே தேர்ந்தெடுத்த புத்தகம், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத மனம், துண்டுபடாத நேரம் ஆகிய மூன்றும் கூடும்போதுதான் ஒருவருக்கு வாசிப்பில் ருசி பிடிக்கிறது. வருஷத்தின் மற்ற நாட்களில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அரிது. விடுமுறையில் அமைகிறது. ஆகவே விடுமுறை வாசிப்பைப் படிப்பின் விளிம்பில் வைப்பதை விட்டு, வாசகர் உருவாகும் இடமாகக் கொள்ள வேண்டும். பொருநை என்றும் வழங்கும் தாமிரபரணிக் கரையின் இலக்கிய வரலாற்றில் இதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

முதலில் இந்தப் பள்ளத்தாக்கின் விடுமுறை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலைச் சேரும் இந்த ஆற்றங்கரைக்கு வருஷத்தில் இரண்டு ஓய்வுக் காலங்கள் உண்டு. ஒன்று, பள்ளிகள் மூடிக்கிடக்கும் சித்திரை, வைகாசி வெயில். மற்றொன்று, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைத் தள்ளிக்கொண்டு வரும் ஆனி முதல் ஆவணி வரையிலான குற்றால சீசன். 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை பாதை நீண்டது. சென்னைக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போனவர்கள் வருஷத்துக்கொருமுறை குடும்பத்தோடு ஊர் திரும்புவது ஒரு வழக்கமாக வேரூன்றியது. இங்கே விடுமுறை என்பது பெரும்பாலும் அறியாத ஊரைச் சுற்றிப் பார்ப்பதாக இருந்ததில்லை. ஆச்சி வீட்டுக்கோ தாத்தா வீட்டுக்கோ திரும்பி வருவதாகத்தான் இருந்தது. காலையில் ஆற்றுக் குளியல், சாயங்காலம் கோயில் அல்லது உறவினர் வீடு. நடுவே வெயில் தாழும் வரை யாரும் வெளியே இறங்க முடியாத நீண்ட மத்தியானம். தார்சாவிலும் பட்டாசலிலும் பாய் விரித்துக் கழியும் அந்த நான்கைந்து மணி நேரம்தான் இந்தப் பகுதியின் உண்மையான வாசிப்பு நேரம். ரயில் நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் கடையில் வாங்கிய வார இதழும், மாடத்தில் அடுக்கியிருந்த பழைய தொடர்கதை பைண்டுகளும் இந்த மத்தியானங்களில்தான் பிரிக்கப்பட்டன.

வேலை நாட்கள் தராததை விடுமுறை தரும் என்பதற்கு மிகப் பெரிய சான்று ஒரு வாசகரிடமிருந்து கிடைக்கிறது. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். ஏடு தேடிய பயணங்களுக்கு அவருக்குக் கிடைத்தது கல்லூரி விடுமுறைதான். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபின் பத்துப்பாட்டில் இறங்கினார். அதற்கான சுவடிகளைத் தேடித் திருநெல்வேலிக்கு வந்து கவிராயர் வீடுகளில் ஏடுகளைப் புரட்டினார். பின்பு ஆழ்வார்திருநகரிக்குப் போய் லட்சுமணக் கவிராயர் வீட்டில் தேடினார். பல நாள் தேடியும் கிடைக்காமல் மனம் சோர்ந்திருந்தபோது, சுவாமி வீதியுலா வந்த இரவில் ஒரு சுவடிக் கட்டு கைக்கு வந்ததையும், விளக்குக்குக்கூடக் காத்திராமல் நிலா வெளிச்சத்திலேயே அதைப் பிரித்துப் பார்த்து அது பத்துப்பாட்டைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டதையும் அவர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். பத்துப்பாட்டு 1889இல் பதிப்பாக வெளிவந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்லலாமே தவிர விடுமுறை வாசிப்பு என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். அந்தத் தேடலை அவருக்கு யாரும் கடமையாக விதிக்கவில்லை. கல்லூரிச் சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தானே தேர்ந்தெடுத்த நூல், கணக்குக் கேட்காத காலம், நாள்கணக்கில் நீளும் பொறுமை என்று நாம் சொன்ன மூன்று நிபந்தனைகளும் அங்கே கூடியிருந்தன. ஓய்வில் படிப்பது என்றாலே மேலோட்டமாகப் படிப்பது என்று நினைக்கிறவர்களுக்கு அந்த நிலா வெளிச்சம் ஒரு நல்ல பதில்.

அடுத்த சான்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வழக்கறிஞர். சட்ட மேலவை உறுப்பினராகவும், பின்னர் அறநிலையத் துறையில் ஆணையராகவும் இருந்தவர். ஆனால் தமிழுலகம் அவரை நினைப்பது அந்தப் பதவிகளுக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை படித்தார்கள். வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற அந்தச் சபைக்கு உறுப்பினர் கட்டணமோ பாடத்திட்டமோ தேர்வோ கிடையாது. பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறியபோது சபையும் அங்கே போயிற்று. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். அருவியில் நெடுநேரம் நின்று குளிப்பது, வயிறார உண்பது, கம்பனை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது என்பதே அங்கு வந்தவர்களுக்கு நாள் நடப்பு. தமிழில் ஓய்வும் வாசிப்பும் இத்தனை வெளிப்படையாக ஒன்றாக வாழ்ந்த இடம் வேறு சொல்வது கடினம்.

அங்கே ஒரு பாட்டு எப்படிப் படிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பாட்டை டி.கே.சி. உரத்துப் படிப்பார். முதல் அடியைச் சொல்லி நிறுத்துவார். மறுபடி சொல்வார். சூழ்நிலையை விளக்குவார்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பேசுகிறவர் மனத்தில் அப்போது என்ன இருக்கிறது என்று. பிறகு சொற்களை அவற்றின் இயல்பான பேச்சு நிறுத்தங்களில் பிரித்து மீண்டும் படிப்பார். அர்த்தம் விளங்கிய பின்னும் பாட்டை விடமாட்டார். கேட்கிறவர்கள் முகத்தில் அது ஏறிவிட்டது என்று தெரியும் வரை திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு மாலையில் ஒரு சில செய்யுள்களே நகர்ந்தன. வகுப்பறையில் இப்படிப் படித்தால் பாடத்திட்டம் முடியாது. நீதிமன்றத்துக்குப் போகிற காலையில் படித்தால் வழக்கு கைவிட்டுப் போகும். மணி பார்க்காத இடத்தில் மட்டுமே நடக்கக்கூடிய வாசிப்பு அது. அதன் விளைச்சலும் சிறியதல்ல. அந்த வட்டத்தில் தோய்ந்த தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றியவர்; ஊர் ஊராகக் கோயில் பார்த்து 'வேங்கடம் முதல் குமரி வரை' என்ற தொகுதிகளை எழுதினார். இடைசெவலிலிருந்து டி.கே.சி.யைத் தேடி வந்துகொண்டிருந்த கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அவரும் அதே ஊர்க்காரரான கு.அழகிரிசாமியும் எந்தப் பட்டத்துக்காகவும் இல்லாமல் படித்தார்கள், பேசினார்கள், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர்களானார்கள், கி.ரா. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் அமர்ந்தார்.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். ருசியை நம்பிப் படிப்பது ஆபத்தானது என்பது அந்த மறுப்பு. டி.கே.சி.யே அதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறார். கம்பராமாயணத்தில் தம் மனத்துக்குக் கவிதையாகப் படாத செய்யுள்களை இடைச்செருகல் என்று ஒதுக்கி, தாம் தேர்ந்தவற்றை மட்டும் பதிப்பித்தார். சுவடியின் சாட்சியைக் கேளாமல் செவியின் சாட்சியை மட்டும் கேட்டார் என்று புலவர்கள் கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயம் உண்டு. பதிப்பு என்பது ஒருவர் ருசியால் மட்டும் செய்யக்கூடிய வேலை அல்ல. அந்த வேலைக்கு வேண்டிய ஒழுங்கை நிலைநாட்டியவரும் இதே சீமைக்காரர்தான். எஸ்.வையாபுரிப் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை நிறைவு செய்தவர். பிரதிகளை ஒப்பிட்டு, காலத்தை ஆராய்ந்து, விருப்பு வெறுப்பைத் தள்ளி வைத்துப் பதிப்பித்தவர். ஒரே நிலத்திலிருந்து வந்த இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது நம் வழக்கம். வாசகரின் வாழ்க்கையில் அவர்கள் வரும் வரிசையைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கம்பனில் ஒரு பாட்டுக்காவது மனம் கரைந்தவருக்குத்தான் அந்தப் பாட்டின் சரியான பாடம் எது என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். ருசி ஆராய்ச்சிக்குப் பதிலாகாது. ஆராய்ச்சியைத் தேடிப் போகும் கால்களைத் தருவது ருசி. விடுமுறை வாசிப்பிடம் நாம் கேட்பது அந்தத் தொடக்கத்தை மட்டுமே. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை அதன்மேல் ஏற்றினால் பிழை ஏற்றியவருடையது.

இரண்டாவது மறுப்பு இன்னும் பரவலானது. டி.கே.சி. வட்டம் விதிவிலக்கு, சாதாரண மக்கள் விடுமுறையில் கம்பனையா படித்தார்கள், துப்பறியும் நாவலையும் படக்கதையையும்தானே படித்தார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான். அ.மாதவையா திருநெல்வேலிப் பகுதி வாழ்க்கையை வைத்துப் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய 1898க்குப் பிறகு, தமிழ் நாவலைப் பெருவாரியான வீடுகளுக்குள் கொண்டுபோனவர்கள் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர்.ரங்கராஜுவும்தான். 1950 முதல் கல்கி இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடர், கிழித்துத் தைத்த பைண்டாகக் கைமாறிப் பல ஆண்டுகளின் விடுமுறைகளை நிறைத்தது. 1969இல் ராணிமுத்து அகிலனின் 'பொன்மலர்' நாவலோடு ஒரு ரூபாய்க்கு வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் பள்ளி விடுமுறையைக் கருதியே கோடை மலர்களை வெளியிட்டது. வாடகை நூலகங்களில் ராஜேஷ்குமாரும் சாண்டில்யனும் அட்டை கிழிந்து உழைத்தார்கள். இந்தப் பட்டியலில் காலத்தை வென்று நிற்கும் நூல்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் படிக்கும் பழக்கத்துக்குள் ஒரு நுட்பமான திறமை இருக்கிறது. இருநூறு பக்கத்தை ஒரே மூச்சில் பின்தொடர்வது, பத்துப் பாத்திரங்களின் பெயரை நினைவில் வைத்திருப்பது, சொல்லாததை ஊகிப்பது, அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருப்பது ஆகியவை பயிற்சியால் வருபவை. அந்தப் பயிற்சியைத் துப்பறியும் நாவல் தருகிறது. பாடநூலிலிருந்து நேராகப் புதுமைப்பித்தனுக்குத் தாவியவர்கள் சிலர். மாயாவியில் தொடங்கி, கல்கியில் நடந்து, ஜானகிராமனிடமும் வண்ணநிலவனிடமும் வந்து சேர்ந்தவர்கள் பலர்.

இது நம் ஊர் அனுபவத்திலிருந்து வரும் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவில், கோடை விடுமுறையில் ஏழைக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் பின்தங்கிவிடுகிறது என்பது நெடுநாளாகப் பேசப்படும் கவலை. ரிச்சர்ட் அலிங்டனும் அவருடைய சகாக்களும் ஃபுளோரிடாவின் ஏழைப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடர்ந்து மூன்று கோடைகள், ஒவ்வொரு கோடைக்கும் 12 புத்தகங்கள் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பாடம் நடத்தவில்லை, தேர்வு வைக்கவில்லை. எந்தப் புத்தகம் வேண்டும் என்பதைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எடுத்தவை பாட்டுக்காரர்கள், விளையாட்டு வீரர்கள், சினிமாப் பாத்திரங்கள் பற்றிய, ஆசிரியர்கள் பரிந்துரைக்கத் தயங்கும் புத்தகங்கள். ஆனாலும் புத்தகம் பெற்ற குழந்தைகளின் வாசிப்புத் திறன் பெறாதவர்களைவிட மேம்பட்டது. மிக வறிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் பலன் கூடுதலாகவே தெரிந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று படிநிலை வைத்துச் சிறு கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் இதே திசையில் வைத்த நல்ல அடி. அந்தப் புத்தகங்கள் பள்ளி பூட்டியிருக்கும் மாதங்களில் அலமாரிக்குள் இல்லாமல் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்படி செய்தால் அடுத்த அடியும் வைத்ததாகும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. விடுமுறை யாருக்கு இருக்கிறது? தாமிரபரணிக் கரை ஆச்சி வீட்டு மத்தியானங்களால் மட்டும் ஆனதல்ல. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளம் பக்கத்து ஊர்களிலும் ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. மடியில் தட்டு இருக்கும்வரை இரண்டு கையும் ஓயாது. வீட்டுவேலைக்குப் பின் மிஞ்சும் நேரமெல்லாம் அந்தத் தட்டுக்கே போகும். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில், சென்னைத் துணிக்கடையில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளைக்கும் நோயில் கிடக்கும் அவர் மனைவிக்கும் ஒருமுறை ஊருக்குப் போய் வருவது என்பதே கைக்கு எட்டாத கனவு. ஓய்வைப் புகழ்ந்து எழுதுகிற எந்தக் கட்டுரையும் இந்த மனிதர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. என் பதில் இது: ஓய்வு சிலருக்கு மட்டும் கிடைக்கிறது என்பதால் அது அற்பமாகிவிடாது, அதைப் பங்கிட வேண்டும் என்ற கோரிக்கைதான் வலுப்பெறும். பங்கிட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டு ஒருவரை அமர்த்தி நாவலும் செய்தித்தாளும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். மலையைத் தாண்டினால் கேரளத்தின் பீடிக் கூடங்களில் ஒருவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் அவர் பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தார்கள். கை ஓயாதபோதும் காதுக்கு ஓய்வு கொடுக்க முடியும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். நம் கோயில் கொடைகளில் இரவு முழுக்க வில்லுப்பாட்டில் கதை கேட்ட கூட்டத்துக்கும் இது புதிய செய்தி அல்ல. எழுத்தறியாதவருக்கும் நெடுங்கதையின் இன்பம் வருஷத்தில் சில இரவுகளாவது கிடைத்தது, உழைப்பிலிருந்து விடுபட்ட அந்தத் திருவிழா நாட்களால்தான்.

இந்தப் பங்கீட்டுக்கு நம்மிடம் சட்டமே இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. அதற்காகப் பாடுபட்ட சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய புத்தகம் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பவற்றை நூலகத்தின் அடிப்படை விதிகளாக 1931லேயே வகுத்திருந்தார். வீட்டு வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் செலுத்துகிறோம். ஆகவே பாளையங்கோட்டையின் மாவட்ட மைய நூலகமும் ஆற்றங்கரை ஊர்களின் கிளை நூலகங்களும் சலுகையாகத் தரப்பட்டவை அல்ல, நம் உரிமை. இன்று அவற்றின் வாசிப்பறைகளை நிறைப்பவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். அவர்களுக்கு அந்த இடம் கட்டாயம் வேண்டும். ஆனால் நூலகம் என்றாலே தேர்வு என்று ஆகிவிட்டால், விடுமுறையில் ஒரு கதைப் புத்தகம் தேடி வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளை வாசலிலேயே தயங்கி நிற்கும். புத்தகம் வாங்கும் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசலை விட்டால் வேறு வாசல் இல்லை.

கைபேசி வந்துவிட்ட பிறகு இதெல்லாம் பழங்கதை என்போரும் உண்டு. அவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கைபேசி நம் நேரத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்வதைவிட, அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுவதுதான் பெரிய இழப்பு. நறுக்கப்பட்ட நேரத்தில் செய்தி படிக்கலாம். நாவல் படிக்க முடியாது. அதனாலேயே துண்டுபடாத நேரத்தை வலிந்து ஒதுக்கும் விடுமுறை முன்னைவிட இப்போது கூடுதல் மதிப்புப் பெறுகிறது. திருநெல்வேலியின் எழுத்து இதைத் தன் நடையிலேயே வற்புறுத்துகிறது. வண்ணநிலவனின் 'ரெய்னீஸ் ஐயர் தெரு' பாளையங்கோட்டையின் ஒரு சிறு தெருவையும் அதன் சில வீடுகளையும் மட்டும் சொல்லும் சிறிய நாவல். கதை என்று சுருக்கிச் சொல்ல அதில் அதிகம் இல்லை. யார் வீட்டு ஜன்னலிலிருந்து யார் எதைப் பார்க்கிறார்கள், மழை பெய்யும்போது அந்த மனிதர்களுக்குள் என்ன நெகிழ்கிறது என்பதே நாவல். பேருந்தில் நின்றபடி படித்தால் அதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். ஒரு மத்தியானத்தை முழுக்கக் கொடுத்தால் அந்தத் தெருவில் குடியிருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். வண்ணதாசனின் சிறுகதைகளும் அப்படியே. சுடலைமாடன் கோயில் தெருவில் வளர்ந்த அந்த எழுத்தாளர் ஒருவர் செருப்பைக் கழற்றி வைக்கும் விதத்தையும் ஒரு கதவு திறந்து மூடும் ஓசையையும் நின்று பார்க்கிறார். நாமும் கூட நிற்காவிட்டால் அவர் காட்டுவது நம் கண்ணில் படாது. 2016இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த 'ஒரு சிறு இசை'யை இரண்டு நாளில் முடித்துவிடலாம். இரண்டு வாரம் வைத்துப் படிப்பதே அதற்குச் செய்யும் நீதி.

ஊரில் இருக்கும் நாட்களில் அந்த ஊரின் புத்தகத்தைப் படிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பாஸ்கரத் தொண்டைமானின் தொகுதிகளில் 'பொருநைத் துறையிலே' இந்த ஆற்றங்கரைக்கு உரியது. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களுக்கு முன்னால் நிற்பதற்கு முந்தைய நாள் அதைப் படித்துவிட்டுப் போகிறவர், தூணைக் கடந்து போகாமல் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். தொ.பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' சில பக்கங்களே கொண்ட கட்டுரைகளின் தொகுப்பு. உப்பையும் உணவையும் வீட்டின் அமைப்பையும் பற்றி அவர் எழுதியதைப் படித்தபின், ஆச்சி வீட்டு அடுக்களையில் அதுவரை கண்ணில் படாத பொருள்களெல்லாம் கேள்விகளாக மாறும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆச்சியே எதிரில் இருப்பார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைச் சாரல் காலத்தில் குற்றாலத்திலேயே உரக்கப் படித்தால் அகராதியின் தேவை பாதியாகக் குறையும். சொந்த ஊரையே படித்தால் கிணற்றுத் தவளையாகிவிட மாட்டோமா என்ற ஐயத்துக்கு இந்த ஊர் எழுத்தாளர்களே விடை. வண்ணார்பேட்டையில் வளர்ந்த புதுமைப்பித்தன்தான் உலகச் சிறுகதைகளைத் தேடித் தேடித் தமிழுக்குக் கொண்டுவந்தார். தன் தெருவை உற்றுப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு வேற்று நாட்டுத் தெருவும் சீக்கிரம் புலப்படும்.

செய்ய வேண்டியவை எளியவை, செலவும் பெரிதல்ல. சித்திரை, வைகாசி மாதங்களில் கிளை நூலகங்கள் மத்தியான நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஊருக்கு விருந்தாக வந்திருக்கும் பிள்ளைகளும் தாத்தாவின் உறுப்பினர் அட்டையில் புத்தகம் எடுக்க வழிசெய்ய வேண்டும். விடுமுறைக்கு எடுக்கும் புத்தகத்துக்குத் தவணையை நீட்டிக் கொடுக்க வேண்டும். பள்ளிகள் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த சில புத்தகங்களைத் தானே தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் செய்ய வேண்டும். திரும்பி வந்ததும் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லக் கூடாது. பேச விரும்பும் பிள்ளையைப் பேச விட்டால் போதும். பாளையங்கோட்டையில் நடக்கும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் வாங்கிய புத்தகங்கள் விடுமுறை வரை பிரிக்கப்படாமல் கிடந்தாலும் அதில் குற்றமில்லை; அவற்றுக்கு உரிய காலம் அதுதான். பெற்றோர் செய்ய வேண்டியது எல்லாவற்றிலும் கடினமானது: மத்தியானத்தில் பிள்ளை புத்தகத்தோடு படுத்திருந்தால், அது என்ன புத்தகம், அதனால் என்ன பயன் என்று கேட்காமல் இருப்பது. தானும் ஒரு புத்தகத்தோடு அருகில் உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. டி.கே.சி.யின் முற்றத்தில் யாரும் யாரிடமும் பயன் கேட்கவில்லை. அந்த முற்றம் தமிழுக்குத் தந்த பயனை நாம் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.